மூன்றாம் பிரதி

என் அச்சகத்துக்கு நேர் மேலே, இரண்டாம் மாடியில், பதினோரு வருடம் ஒரு பெண் புகைப்படத் தொழில் செய்தார். கட்டடம் முழுக்க அவரை அக்கா என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். உண்மையில் என்னைவிட இரண்டு வயது இளையவர். இது ஒருநாள் தெரியவந்ததும், "பிரஸ்காரரே, இனிமே நான் உங்கள அண்ணன்னு கூப்பிடணுமா?" என்று கேட்டார். "வேணாம்க்கா, எனக்கு வயசாயிட்ட மாதிரி இருக்கும்" என்றேன். அதோடு விட்டுவிட்டார்.

அவர் மனிதர்களைப் படம் எடுக்கிறவர் அல்ல. சோப்புக் கட்டி, நாற்காலி, செருப்பு, விடுதி அறை, விற்பனைக்கு வந்த வீடு, இவைதான் அவருடைய வேலை. "மனுஷங்ககிட்ட சிரிங்க சிரிங்கன்னு கெஞ்சணும். நாற்காலிகிட்ட அந்தத் தொல்லை இல்ல" என்பார். அறையில் ஒரு நீள மேசை, சுவரிலிருந்து தரைவரை தொங்கும் வெள்ளைத் துணி, கால் வைத்த விளக்குகள் மூன்று, கறுப்புத்தாள் ஒட்டிய ஜன்னல். ஒரு சோப்பைப் படம் எடுக்க மூன்று மணி நேரம் ஆகும். அதன் மேல் ஒரு தூசி இருந்தால் ஊதி ஊதி, தூரிகையால் தள்ளுவார். அவருடைய கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். மதிய இடைவேளையில் வந்து, மேலே அறையில் விளக்கு எரிந்தால் உள்ளே போகாமல் படிக்கட்டிலேயே உட்கார்ந்து சாப்பிடுவார். "உள்ள போனா என் நிழல் விழுதாம்" என்பார் என்னிடம்.

அக்காவுக்கு ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் மூக்கு நுனியில் கோபம். அவர் எடுத்த படத்தை யாராவது சொல்லாமல் கொள்ளாமல் எடுத்துப் பயன்படுத்திவிட்டால் போதும், அன்றைக்கு அறைக்குள் யாரும் போக முடியாது. ஒரு விடுதியின் வரவேற்பறையை அவர் எடுத்த படம், எங்கோ இருந்த வேறொரு விடுதியின் விளம்பரத்தில் வந்தது. மூலையில் போட்டிருந்த தன் பெயரை வெட்டி எடுத்திருந்தார்கள். அடுத்த முறை பெயரைப் படத்தின் நடுவில் மெல்லியதாகப் போட்டார். வாடிக்கையாளர்கள் முகம் சுளித்தார்கள். "நெத்தியில பேர் எழுதி அனுப்பின மாதிரி இருக்கும்மா" என்றார் ஒரு நாற்காலிக் கடைக்காரர்.

வழி காட்டியது அவருடைய தம்பி. மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தவன். படங்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத நீர்க்குறி பதிப்பதும், பதித்ததைப் படித்துச் சொல்வதும்தான் அந்த நிறுவனத்தின் தொழில். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கடையில் உட்கார்ந்து எங்கள் இருவருக்கும் விளக்கினான்.

"படம்ங்கிறது லட்சக்கணக்கான புள்ளிங்க. ஒவ்வொரு புள்ளிக்கும் இவ்வளவு வெளிச்சம்னு ஒரு எண்ணு இருக்கு. அத இம்மியூண்டு கூட்டிக் குறைச்சா கண்ணுக்குத் தெரியாது. ஆனா எங்க கூட்டினோம், எங்க குறைச்சோம்னு தெரிஞ்சவனுக்கு அது எழுத்து மாதிரி. படிச்சிடலாம்."

இரண்டு முத்திரைகள் போடலாம் என்றான். ஒன்று உறுதியானது. படத்தை வெட்டினாலும் சுருக்கினாலும் அச்சடித்தாலும் போகாது. அதில் அக்காவுக்கென்றே கொடுத்த ஓர் எண்ணும், அந்தப் படம் எத்தனையாவது பிரதி என்ற எண்ணும் இருக்கும். மற்றது மென்மையானது. படத்தில் எந்த இடத்தையாவது திருத்தினால் அந்த இடத்தில் மட்டும் உடைந்துபோகும்.

"ஒண்ணு பச்சை குத்தின மாதிரி. இன்னொண்ணு அரக்கு சீல் மாதிரி" என்றார் அக்கா. அவன் சொன்னதை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அன்றைக்கே சோதித்துப் பார்த்தோம். ஒரு செருப்பின் படத்தை நான் அச்சடித்தேன். அக்கா அதைக் கசக்கினார், பாதியாகக் கிழித்தார், என் ஸ்கேனரில் வைத்தார். தம்பியின் மடிக்கணினியில் சில நொடிகள் ஒன்றும் வரவில்லை. பிறகு அக்காவின் எண் வந்தது, பக்கத்தில் பிரதி எண் ஒன்று. அக்கா அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அடுத்த வருடமே ஒரு நாட்காட்டி நிறுவனம் மாட்டியது. தங்கள் படம்தான் என்று சாதித்தவர்கள், முத்திரையைப் படித்துக் காட்டியதும் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தார்கள். அக்கா அதை என்னிடம் கொடுத்து லேமினேட் செய்து சுவரில் மாட்டினார். "அக்கா படத்தத் தொட்டா கையில ஒட்டிக்கும்" என்று தெருவில் கேலி பேசினார்கள். அவருக்கு அது பிடித்திருந்தது.

எந்தப் பிரதி யாரிடம் போனது என்ற விவரம் மட்டும் கணினியில் இல்லை. "அதுல வச்சா எவனாவது உள்ள புகுந்து எடுத்துடுவான்." எனவே நான் பைண்டு செய்து கொடுத்த பச்சை அட்டை நோட்டில் எழுதினார். படத்தின் எண், பிரதி எண், வாங்கியவர், தேதி. யார் வந்து கெஞ்சினாலும் தேதியை முன்பின் மாற்றி எழுத மாட்டார். "ஒரு வரி பொய்யின்னா அப்புறம் மத்த வரியெல்லாம் எதுக்கு?" என்பார்.

அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டும் ஒரு நிறுவனம் அவருக்கு மாத வேலை கொடுத்தது. கட்டடம் எவ்வளவு எழும்பியிருக்கிறது என்று மாதம் ஒருமுறை போய்ப் படம் எடுக்க வேண்டும். அங்கே ஒரு சூப்பர்வைசர் இருந்தார். இடுப்பில் எப்போதும் அளவு டேப் தொங்கும். பேசும்போதே அதை ஒரு முழம் இழுத்துவிட்டு டக்கென்று விடுவார். அதனால் அவருக்கு டேப்பு என்றே பெயர். அவரே போனில் "டேப்பு பேசறேன்" என்றுதான் ஆரம்பிப்பார்.

நான்காவது மாதம், தரைக்குக் கீழே கார் நிறுத்தும் தளத்தில் அக்கா படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, டேப்பு அவரை ஒரு தூணிடம் கூட்டிப்போனார். தூணின் இடுப்பளவில் குறுக்காக ஒரு விரிசல்.

"இத ஒரு படம் எடுங்கக்கா. விரல் போகுது பாருங்க."

"இன்ஜினியர்கிட்ட சொல்லலயா?"

"ரெண்டு தடவ சொல்லியாச்சு. பூசிடுன்னு சொல்றாரு. வாயால சொன்னா காதுல ஏற மாட்டேங்குது. படத்த மேசையில வச்சாத்தான் பார்ப்பாரு."

டேப்பை விரிசலுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார். அக்கா எடுத்தார். அந்த மாதப் படங்களோடு அதுவும் போனது. முதல் பிரதி நிறுவன அலுவலகத்துக்கு, இரண்டாவது பிரதி விளம்பரம் செய்கிறவர்களுக்கு. மூன்றாவது டேப்புக்கு. மூன்றையும் நோட்டில் எழுதினார். டேப்பு அந்தப் படத்தைக் கைபேசியில் என்னிடம் கொண்டுவந்து, பெரிதாக அச்சடித்து வாங்கிக்கொண்டு போனார். நன்றாக வந்திருந்தது. விரிசலின் உள்ளே இருந்த கம்பியின் துரு நிறம்கூடத் தெரிந்தது.

ஒரு மாதம் கழித்து அந்த நிறுவனத்தின் விளம்பரத் துண்டுத்தாள் எல்லாக் கடைகளுக்கும் வந்தது. கார் நிறுத்துமிடம் என்று அதே தளத்தின் படம். அதே தூண், அதே கோணம். விரிசல் இல்லை. தூண் குழந்தையின் கன்னம் போல வழவழவென்று இருந்தது.

அக்கா துண்டுத்தாளை எடுத்துக்கொண்டு கீழே வந்தார்.  "என் படத்துல கை வச்சிருக்காங்க, பிரஸ்காரரே. என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல." அலுவலகத்துக்குப் போன் செய்து சத்தம் போட்டார். படம் இப்போது எங்களுடையது, எங்கள் விருப்பம் என்றார்கள்.

இந்த இடத்தைப் பற்றி அக்கா பின்னாளில் என்னிடம் சொன்னதுண்டு. "அந்தத் தூணு என்ன ஆகும்னு அன்னிக்கு எனக்குத் தோணவே இல்ல. என் படத்தத் தொட்டுட்டாங்கன்னு மட்டும்தான் தோணுச்சு." எனக்கும் அன்றைக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

ஒரு வியாழக்கிழமை காலை, கடையைத் திறந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். பெரிய லாரியின் பின்கதவை ஓங்கிச் சாத்தியது போல ஒரு சத்தம். என் கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. நாலு தெரு தள்ளி எழும்பிக்கொண்டிருந்த அந்த அடுக்குமாடியில், கார் நிறுத்தும் தளத்தின் மேற்கூரை உட்கார்ந்துவிட்டது. கீழே குழாய் பொருத்திக்கொண்டிருந்த இரண்டு பேர் இறந்துபோனார்கள்.

அதிக பாரம் ஏற்றிய லாரியை ஓட்டுநர் அனுமதியில்லாமல் தளத்தின் மேல் ஏற்றிவிட்டார், அதுவரை கட்டடத்தில் ஒரு குறையும் இல்லை என்று நிறுவனம் சொன்னது. சாட்சியாக அந்தத் துண்டுத்தாளின் படத்தையும் காட்டியது. லாரி ஓட்டுநரைக் கைது செய்தார்கள்.

ஐந்தாம் நாள் ஒரு செய்தித்தாளில், முதல் பக்கத்தில், விரிசல் விட்ட தூண் வந்தது. விபத்துக்கு இரண்டு மாதம் முன்பு எடுத்த படம் என்று எழுதியிருந்தார்கள். எடுத்தவர் பெயர் இல்லை, கொடுத்தவர் பெயரும் இல்லை. அக்கா என் கடையில் நின்றுகொண்டே அதைப் பார்த்தார்.

"பேரு போடல பாத்தீங்களா" என்றேன், அவர் கோபப்படுவார் என்று எண்ணி.

"நல்லவேளை" என்றார்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அடுத்த நாள் அவருடைய தம்பி போன் செய்திருக்கிறான். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கட்டட நிறுவனம், செய்தித்தாளின் இணையப் பக்கத்தில் வந்த படத்தை எடுத்து, முத்திரை இருக்கிறதா என்று படித்துச் சொல்லும்படி தம்பி வேலை செய்த இடத்துக்கே அனுப்பியிருந்தது.

"உன் நம்பர் வந்திருக்குக்கா. பிரதி மூணு."

"அவங்ககிட்ட சொல்லப் போறியா?"

"நான் படிக்கலன்னா பக்கத்து மேசைக்காரன் படிப்பான்."

"நான் கேட்டது அதில்லடா. சொல்லப் போறியா, சொல்லிட்டியா?"

 "சொல்லியாச்சு" என்றான்.

அதற்கு மறுநாள், புதன்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். என் கடைக்கு ஒருவர் வந்தார். ஐம்பது வயது, இஸ்திரி கலையாத சட்டை, மிக மெல்லிய குரல். குனிந்து கேட்டால்தான் காதில் விழும். சில தாள்களை நகலெடுக்கச் சொல்லிவிட்டு, கையிலிருந்த செய்தித்தாளை மேசைமேல் விரித்தார்.

"பத்திரிகை விஷயமா வந்தேன். அருமையான படம் இல்லையா? விரிசலுக்குள்ள கம்பிகூட தெரியுது."

நான் எட்டிப் பார்த்தேன். செய்தித்தாளில் அது கலங்கலாக இருந்தது. முப்பது வருடம் அச்சு வேலை செய்தவன். வாய் சும்மா இருக்கவில்லை.

"இதுல ஒண்ணும் தெரியல சார். நான் போட்டதப் பாத்திருக்கணும் நீங்க."

"நீங்களா? இதே படத்தையா?"

"ஆமா. டேப்பு கேட்டாருன்னு பெரிசாப் போட்டுக் குடுத்தேன்."

"டேப்புன்னா?"

"அங்க சூப்பர்வைசர். நல்ல மனுஷன்."

"அப்படியா" என்றார். நகல்களை அடுக்கி ஓரம் தட்டினார். ஸ்டேப்ளர் இருக்கிறதா என்று கேட்டார். குத்திக் கொடுத்தேன். நன்றி சொல்லிவிட்டு வெளியே போனவர், தெருவுக்குப் போகாமல் மாடிப்படியில் ஏறினார். அவருடைய காலடிச் சத்தம் முதல் மாடியைத் தாண்டி மேலே போவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பத்திரிகைக்காரர் அல்லவா, அக்காவைப் பாராட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

மேலே நடந்ததை அக்கா சொல்லித் தெரிந்துகொண்டேன். வந்தவர், தான் கட்டட நிறுவனத்தின் ஆள் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். விளக்குகளைச் சுற்றிப் பார்த்தார். சுவரில் இருந்த மன்னிப்புக் கடிதத்தை முழுக்கப் படித்தார்.

"படம் உங்களோடதுதானேம்மா?"

"என்னோடதுதான்."

"சந்தோஷம். நீங்க இல்லன்னு சொல்ல மாட்டீங்கன்னு தெரியும். அப்ப மூணாம் பிரதி யாருக்குக் குடுத்தீங்க?"

"நோட்டைப் பாக்கணும்."

"பாருங்க. நான் இருக்கேன்."

"இப்ப கையில இல்ல."

"பரவால்ல. நாளைக்கு முறைப்படி கடிதத்தோட வர்றோம். ஒப்பந்தத்துல இருக்கு, எங்க வேலை சம்பந்தப்பட்ட பதிவு எல்லாம் நாங்க பாக்கலாம். நோட்டு பத்திரமா இருக்கணும், அவ்வளவுதான்." எழுந்தவர் சட்டைப் பையிலிருந்து ஒரு உறையை எடுத்து மேசைமேல் வைத்தார். "இதுவும் ஒரு படம்தான். நல்லா வந்திருக்கான்னு தொழில் தெரிஞ்சவங்க நீங்க பாத்துச் சொல்லணும்."

அவர் போன பிறகு அக்கா உறையைப் பிரித்தார். ஓடும் பேருந்துக்குள், ஓட்டுநர் இருக்கைக்கு நேர் பின்னாலிருந்து எடுத்த படம். அக்காவின் கணவருடைய பிடரி, வியர்வையில் நனைந்த காலர், கியரின் மேல் இடது கை. எடுத்தவர் கை நீட்டினால் கழுத்தைத் தொட்டுவிடும் தூரம்.

அக்கா அதை ஸ்கேன் செய்து, தம்பி கொடுத்த மென்பொருளில் போட்டுப் பார்த்திருக்கிறார். ஏன் அப்படிச் செய்தேன் என்று அவருக்கே தெரியவில்லை. பழக்கம்தான். முத்திரை எதுவும் இல்லை என்று வந்தது.

படத்தோடு என் கடைக்கு இறங்கிவந்தார். நடந்ததை எல்லாம் சொன்னார். தம்பியின் போன், மூன்றாம் பிரதி, மெல்லிய குரல்காரர், எல்லாம். "யாரு எடுத்ததுன்னு யாரும் கண்டுபிடிக்க முடியாது. அதத்தான் எனக்குக் காட்டிட்டுப் போறான்" என்றார்.

 காலையில் அந்த ஆளிடம் டேப்பின் பெயரைச் சொன்னது நான்தான். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா கேட்டார்: "அந்தப் பச்ச அட்ட நோட்டு இன்னொண்ணு இருக்கா?"

இருந்தது. அதே தொகுதியில் மிச்சமானது, அட்டை சற்று வெளுத்தே போயிருந்தது. கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு உட்கார்ந்தோம். நான் பழைய நோட்டிலிருந்து வாசித்தேன், அக்கா புதியதில் எழுதினார். ஒரே பேனாவாகத் தெரியக்கூடாது என்று ஐந்தாறு பேனாக்களை மாற்றி மாற்றி எழுதினார். அந்தப் பக்கம் வந்தது. பிரதி மூன்று. நான் பெயரை வாசிக்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு 'சொந்த உபயோகம்' என்று எழுதினார்.

மூன்று மணிக்கு டேப்புக்குப் போன் செய்தார். ஒலிபெருக்கியில் போட்டு, நோட்டின் மேல் வைத்தார்.

"உடனே ஊருக்குக் கிளம்புங்க. வீட்டுக்காரி, புள்ள, எல்லாரையும் கூட்டிட்டு. இன்னிக்கே."

"நோட்டுல என் பேரு இருக்காக்கா?"

"இருந்துச்சு. இனிமே இல்ல."

"அப்புறம் எதுக்கு ஓடணும்? வேற யாருக்கும் தெரியாதே. அந்த லாரிக்காரரு சம்சாரம் நாளைக்கு வக்கீலப் பாக்கப் போகுது, கூட வர்றேன்னு சொல்லிட்டேன். வீட்டுக்காரி, புள்ளய மட்டும் இன்னிக்கு அனுப்பி வைக்கிறேன். நான் நாளன்னிக்குக் கிளம்பறேன்."

"யாருக்கும் தெரியாதுதான். இருந்தாலும் போயிடுங்களேன்."

"ரெண்டு நாள்தானக்கா."

நான் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தேன். எனக்கு அவர்களைப் போல நம்பிக்கை இல்லை, ஏனென்றால் எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த ஆள் கவனித்திருக்க மாட்டார், ஸ்டேப்ளர் கேட்கும் அவசரத்தில் இருந்தார், பெயரைக்கூட முழுதாகச் சொல்லவில்லை, டேப்பு என்றுதானே சொன்னேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அக்காவின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பழைய நோட்டை என் தாள் வெட்டும் இயந்திரத்தில் வைத்துக் கீற்றுக் கீற்றாக வெட்டினேன். அதை மட்டும் கச்சிதமாகச் செய்தேன்.

மறுநாள் மெல்லிய குரல்காரர் இன்னொருவரோடு வந்தார். கடிதத்தைக் கொடுத்து நோட்டை வாங்கினார். பக்கத்தைப் பிரித்து, மூக்கருகே கொண்டுபோனார்.

"மை வாசன வருதே" என்றார்.

அக்கா கடிதத்தை மடித்தார்.

"அச்சகத்துக்கு மேல இருக்கீங்கல்ல, அப்படித்தான் இருக்கும்." சிரித்தபடி, நோட்டைப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். படியிறங்கி என் கடையைத் தாண்டும்போது நின்றார். வெகுநாள் பழகியவரைப் பார்த்துத் தலையசைப்பது போல என்னைப் பார்த்து ஒரு தலையசைப்பு. நோட்டை அக்குளில் அலட்சியமாக இடுக்கிக்கொண்டு நடந்தார். அதில் இருப்பது அவருக்குத் தேவைப்படவில்லை என்று அப்போது எனக்கு விளங்கியது.

மாடிக்கு ஓடினேன். அறை பூட்டியிருந்தது. அக்கா பின்படி வழியாக இறங்கி, தம்பியோடு, விபத்தை விசாரிக்கும் அதிகாரியின் அலுவலகத்துக்குப் போயிருந்தார். டேப்புக்குப் போன் செய்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். மூன்றாவது முறை, அணைக்கப்பட்டிருக்கிறது என்று வந்தது.

விசாரணை அதிகாரியிடம் அக்கா தைரியமாகப் பேசியிருக்கிறார். படம் என்னுடையது, நான்தான் எடுத்தேன், நான்தான் பத்திரிகைக்குக் கொடுத்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தம்பி வேலைக்கு விடுப்பு சொல்லாமல் வந்திருந்தான். துண்டுத்தாள் படத்தின் மூலக் கோப்பை அதிகாரியே விளம்பரக்காரர்களிடமிருந்து வரவழைத்தார். தம்பி அதை மென்பொருளில் போட்டதும், அரக்கு முத்திரை எங்கெல்லாம் உடைந்திருக்கிறதோ அங்கெல்லாம் கறுப்பாகக் காட்டியது. படம் முழுக்க வெளுப்பு. நடுவில், தூணின் இடுப்பில், கைநீளத்துக்கு ஒரு கறுப்புப் பட்டை. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாராம். ஒன்பதாம் நாள் லாரி ஓட்டுநரை வீட்டுக்கு அனுப்பினார்கள். இன்ஜினியர் மீதும் இயக்குநர்கள் இருவர் மீதும் வழக்குப் பதிவானது. தம்பிக்கு வேலை போனது.

டேப்பு ஊர் போய்ச் சேரவில்லை. வக்கீல் அலுவலகத்துக்கும் வரவில்லை. அவருடைய மனைவி தினமும் அக்காவுக்குப் போன் செய்தார். "நாளன்னிக்கு வர்றேன்னாரே" என்று ஒரே கேள்வி. அக்கா மூன்று காவல் நிலையங்களுக்கு அலைந்தார். பத்தொன்பதாம் நாள், எட்டு மணி நேரத் தொலைவில் ஓர் ஊரின் அரசு மருத்துவமனையிலிருந்து தகவல் வந்தது. சாலையோரம் கிடந்தவரை யாரோ சேர்த்திருக்கிறார்கள்.

அக்காவும் நானும் போனோம். டேப்பின் இரண்டு கால்களும் கட்டுக்குள் இருந்தன. வலது கையில் விரல்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கட்டப்பட்டிருந்தன. எங்களைப் பார்த்ததும் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"என்ன நடந்துச்சு?" என்றார் அக்கா.

"படியில விழுந்துட்டேன்."

"எந்தப் படியில?"

"விழுந்துட்டேன்க்கா. அவ்வளவுதான்." பிறகு, "டாக்டர்கிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன். நீங்களும் அப்படியே சொல்லுங்க" என்றார். அவருடைய மனைவி கட்டிலின் கால்பக்கம் நின்று போர்வையை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார். சரிசெய்ய அங்கே ஒன்றும் இல்லை.

திரும்பி வரும்போது பேருந்தில் சொன்னேன். அச்சடித்த பெருமையில் ஆரம்பித்து, ஸ்டேப்ளர் குத்திக் கொடுத்தது வரை. அக்கா ஜன்னலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். 

"எத்தன மணிக்கு வந்தான்?"

"பதினொண்ணு இருக்கும்."

"நான் டேப்புக்குப் போன் பண்ணினது மூணு மணிக்கு."

"ஆமா."

"நீங்க பக்கத்துலதான் உக்காந்திருந்தீங்க."

"ஆமாக்கா."

அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. ஊர் வந்ததும் இறங்கி, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வீட்டை நோக்கி நடந்தார். திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

அடுத்த மாதம் அறையைக் காலி செய்தார். கணவர் பேருந்து ஓட்டுவதை விட்டு, பணிமனைக்குள் வேலை கேட்டு வாங்கிக்கொண்டார். இப்போது நகரத்தின் வேறொரு மூலையில், வீட்டு முன்னறையிலேயே அக்கா படம் எடுக்கிறார். தன் எண்ணை மட்டும் பதிக்கிறார், பிரதி எண் போடுவதில்லை என்று தம்பி சொன்னான். "படம் என்னோடதுன்னு தெரிஞ்சாப் போதும். யாருகிட்ட இருக்குன்னு எனக்கே தெரிய வேணாம்" என்றாராம். வழக்கு இன்னும் நடக்கிறது. இன்ஜினியருக்குத் தண்டனை கிடைக்கும் என்கிறார்கள். மெல்லிய குரல்காரரின் பெயர் எந்தத் தாளிலும் வரவில்லை. டேப்பு ஓர் இரும்புக் கடையில் உட்கார்ந்து பார்க்கும் வேலையில் இருக்கிறார். சாட்சி சொல்ல அவர் வரவில்லை.

போன வாரம் கடைக்கு ஒருவர் வந்தார். கையில் ஒரு பை, அதில் சோப்புப் பெட்டிகள். மேல்மாடியில் இருந்த படக்காரம்மா இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டார். புதிதாகச் சோப்புப் போடுகிறோம், அவர்தான் நன்றாக எடுப்பார் என்று சொன்னார்கள் என்றார். பெட்டியைத் திறந்து ஒரு சோப்பை எடுத்து என்னிடம் நீட்டினார், முகர்ந்து பாருங்கள் என்று. நல்ல வாசனைதான். அவர் உண்மையிலேயே சோப்புக்காரராக இருக்கலாம், அக்காவுக்கு ஒரு நல்ல வேலை கிடைத்திருக்கலாம்.

தெரியாது என்றேன். போன் நம்பராவது இருக்குமே என்றார். அதுவும் இல்லை என்றேன். அவர் நன்றி சொல்லிவிட்டுக் கடையின் வாசற்படி இறங்கினார். எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று வாசல்வரை போய்ப் பார்த்துக்கொண்டு நின்றேன்.